பத்து நிமிடத்துக்குள் நாலு வருத்தம்: இங்கிலாந்து ஜீபி அப்பொயின்ட்மென்ட் ஒரு மதிப்பீடு

இங்கிலாந்தில் ஜீபி எனப்படும் குடும்ப டொக்டர்மார் இருக்கும் பல சேர்ஜரிகளின் றிசெப்ஷன் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: "ஒரு அப்பொயின்ட்மென்ட்டுக்கு ஒரு பிரச்சினை மட்டும்." அதைப் படித்துவிட்டு எங்கள் ஆட்கள், இருக்கிற மூன்று நாலு வருத்தத்தில் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். தெரிந்தெடுப்பது அநேகமாகச் சொல்ல இலகுவானது: முழங்கால் நோ, நாரிப் பிடிப்பு. சொல்ல வெட்கமானதும் நினைக்கப் பயமானதும் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றன.

ஒன்றுக்கு மேற்பட்ட வருத்தங்களோடு போகிறவருக்கு அந்தப் பத்து நிமிடம் எவ்வளவுக்கு உதவும், எங்கே கைவிடும் என்பதுதான் இங்கே பேச்சு. சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு உரியது. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சில ஏற்பாடுகள் வேறு.

முதலில் அந்தத் தாளைப் பற்றி. அது என்எச்எஸ் என்ற அரச மருத்துவச் சேவையின் விதி அல்ல. அந்தந்தச் சேர்ஜரி தன் நெருக்கடிக்காக வைத்துக்கொண்ட ஒழுங்கு. நெருக்கடி உண்மையானது, அதை மறுக்க முடியாது. பிரித்தானிய மருத்துவர் சங்கமே ஒருவருக்கு 15 நிமிடம் கொடுக்க வேண்டும், ஒரு டொக்டர் நாளொன்றுக்கு 25 பேருக்கு மேல் பார்ப்பது பாதுகாப்பல்ல என்று சொல்லி வருகிறது. நடப்பில் கிடைப்பது பத்து. அந்தப் பத்துக்குள் நீங்கள் உள்ளே வந்து, குளிர்காலக் கோட்டைக் கழற்றி, கதிரையில் இருக்க ஒரு நிமிடம். பிரஷர் பார்க்க, வயிற்றைத் தொட்டுப் பார்க்க இரண்டு மூன்று. குறிப்பு எழுதி, மருந்துச்சீட்டை பாமசிக்கு அனுப்ப இரண்டு. கதைக்க மிஞ்சுவது நாலு நிமிடம், மிஞ்சினால் ஐந்து.

ஆனாலும் "ஒரு பிரச்சினை மட்டும்" என்பது டொக்டர்மாரே கடைப்பிடிக்காத ஒழுங்கு. 2013 இல் வெளியான பிரிஸ்டல் ஆய்வொன்று ஜீபி அறைகளுக்குள் நடந்ததை வீடியோவில் எடுத்து எண்ணிப் பார்த்தது. ஒரு சந்திப்பில் சராசரி 2.5 பிரச்சினைகள் பேசப்பட்டன. முழுச் சந்திப்புக்கும் 12 நிமிடத்துக்கும் குறைவு. கூடுதலாகச் சேர்ந்த ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஏறத்தாழ இரண்டு நிமிடந்தான். இரண்டு மூன்று வருத்தத்தோடு வரும் நோயாளி இந்தத் துறைக்குப் புதியவர் அல்ல, அவர்தான் வழமையான நோயாளி. அந்தத் தாளைப் பார்த்துக் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை.

தாளில் உள்ள பெரிய பிழை வேறு. எது ஒரு பிரச்சினை, எது இரண்டு என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? களைப்பு ஒன்று, பாதம் விறைப்பது ஒன்று, இரவில் மூன்று தரம் சிறுநீருக்கு எழும்புவது ஒன்று, கீழே மறைவிடத்தில் கடிப்பது (அரிப்பது) ஒன்று என நாலாக எண்ணிக்கொண்டு ஒருவர் வருகிறார். டொக்டருக்கு இவை நாலும் ஒரே கேள்வி: சீனி வருத்தமா? கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி என்ற ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை, அதுவும் வெறும் வயிற்றில் போகத் தேவையில்லாதது, பதில் சொல்லிவிடும். இங்குள்ள அளவில் (mmol/mol) 48 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு, 42 முதல் 47 வரை என்றால் எல்லைக்கோடு. களைப்பை மட்டும் சொன்னால் இரும்புச்சத்து, தைரொய்ட் என்று சுற்றிப் போகலாம். கடியை மட்டும் சொன்னால் ஒரு கிறீமோடு வீட்டுக்கு வரலாம். நாலையும் ஒரே மூச்சில் சொன்னவருக்குத்தான் அந்த நாலும் ஒன்றாகும். தென்னாசியருக்கு நீரிழிவு குறைந்த எடையிலேயே வருவதால், இங்குள்ள வழிகாட்டல் எங்களுக்கு உடற்பருமன் சுட்டெண் 23 இலிருந்தே கவனிக்கச் சொல்கிறது, மற்றவர்களுக்கு 25. "நான் மெல்லிய ஆள்தானே" என்று இவற்றை விழுங்கிவிடாதீர்கள்.

ஆகவே இந்தச் சேவையிலிருந்து பயன் எடுப்பதெல்லாம் முதல் நிமிடத்தில் இருக்கிறது. கொண்டுவந்த அத்தனையையும் தலைப்பு தலைப்பாக முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எதை இன்றைக்குப் பார்ப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று தெரிவுசெய்வது டொக்டரின் வேலை. எங்கள் வழக்கம் நேர்மாறானது. முதல் வருத்தத்தை அது தொடங்கிய நாளிலிருந்து, போன வருடம் கலியாண வீட்டில் மண்டபப் படி ஏறினதிலிருந்து, விரிவாகச் சொல்லி முடித்த பிறகே இரண்டாவதற்கு வருவோம். அதற்குள் நேரம் முடிந்துவிடும். அவ்வளவு தூரம் சொல்லவும் விடமாட்டார்கள். 2018 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இடைமறிக்கப்பட்ட நோயாளிகள் பேசத் தொடங்கி இடைமறிப்பு வர எடுத்த நேரம் பாதிப் பேருக்கு 11 செக்கனோ அதற்குக் குறைவோதான். 11 செக்கனுக்குள் நாலு தலைப்புச் சொல்லலாம். ஒரு கதை சொல்ல முடியாது.

சொல்லும் விதம் இப்படி: "டொக்டர், நாலு விஷயம் கொண்டு வந்திருக்கிறேன். கால் விறைப்பு, களைப்பு, இரவில் சிறுநீர், கீழே கடி. கால்தான் எனக்குப் பெரிய பயம். எதை இன்றைக்குப் பார்க்கலாம்?" சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

நல்ல டொக்டர் தானே "வேறு என்ன இருக்கு?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு. சமூகவியலாளர் ஜோன் ஹெரிட்டேஜ் குழுவினர் அமெரிக்காவில் செய்து 2007 இல் வெளியிட்ட ஆய்வில், டொக்டர்மாரில் ஒரு பகுதியினர் "வேறு ஏதும் இருக்கா?" என்ற தொனியிலும், மறு பகுதியினர் "வேறு என்ன விஷயம் இருக்கு?" என்ற தொனியிலும் கேட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்தான் மாற்றம். ஒன்றுக்கு மேற்பட்ட கவலையோடு வந்தவர்களில், இரண்டாவது விதமாகக் கேட்கப்பட்டவர்களிடம், அப்படி எதுவும் கேட்கப்படாதவர்களோடு ஒப்பிட்டால், சொல்லப்படாமல் போன கவலைகள் 78 வீதம் குறைந்தன. முதலாவது விதத்துக்கு "இல்லை டொக்டர்" என்பது தன்னால் வாயில் வந்துவிடுகிறது. அந்த "இல்லை" வரப்போகிற இடத்தில் வருத்தங்களை எழுதிக் கையில் கொண்டுபோன தாளைப் பாருங்கள்.

தாள் என்றேன். அது எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம். ஏ4 தாளில் பாதி போதும். ஒரு வருத்தத்துக்கு ஒரு வரி. எங்கே, எவ்வளவு காலம், கூடுகிறதா குறைகிறதா, அவ்வளவுதான்.

கால் விறைப்பு. இரண்டு பாதமும். 6 மாதம். இரவில் கூடுகிறது.
களைப்பு. 3 மாதம். பகலில் நித்திரை.
இரவில் சிறுநீர் 3 தரம். முன்பு இல்லை.
கீழே கடி. 2 மாதம். கிறீம் பூசியும் போகவில்லை.
எடுக்கும் மருந்து: பிரஷர் குளிசை, ஊரிலிருந்து வந்த நோக் குளிசை.
பயம்: அம்மாவுக்குச் சீனி. கால் விரல் எடுத்தார்கள்.

கடைசி வரியை ஆட்கள் எழுதுவதில்லை. டொக்டருக்கு மிக உதவும் வரி அதுதான். குடும்பத்தில் என்ன வருத்தம் இருந்தது, உங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்ற இரண்டையும் ஒரே வரியில் அது சொல்லிவிடுகிறது. இங்குள்ள ஜீபிகளுக்கு நோயாளியின் எண்ணம், கவலை, எதிர்பார்ப்பு மூன்றையும் கேட்டறியப் பயிற்சியே கொடுக்கிறார்கள். நீங்களே சொன்னால் அந்த நேரம் மிச்சம். தாளை வாசித்துக்காட்டாமல் மேசையில் வைத்து டொக்டர் பக்கம் திருப்பிவிடலாம், அதற்கு ஒருவரும் கோபிப்பதில்லை. இரண்டு பக்கத்துக்குக் கட்டுரையாக எழுதிக் கொடுப்பதுதான் பிழைக்கும். அதை வாசிப்பதற்கே நேரம் முடிந்துவிடும்.

மருந்து வரியில் மறைக்கக் கூடாதது ஊரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் டைக்ளோபெனக் குளிசை. இங்கே 2015 இலிருந்து அதைச் சீட்டில்லாமல் விற்பதில்லை, இருதயத்துக்குப் பாதிப்பு வரலாம் என்பதால். ராமிப்ரில் போன்ற பிரஷர் மருந்தோடும் சிறுநீர் போக்கும் குளிசையோடும் இதைச் சேர்த்து எடுத்தால் சிறுநீரகத்துக்குப் பாதிப்பு வரலாம். டொக்டருக்குத் தெரியாவிட்டால் கூடிய பிரஷருக்கு இன்னொரு குளிசை எழுதுவார். பிரஷரைக் கூட்டியது நோக் குளிசையாக இருக்கும். சித்த, ஆயுர்வேதச் சூரணங்களையும் அப்படியே சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் பெட்டியைக் கொண்டுபோங்கள்.

தமிழ்ச் சொற்கள் செய்யும் சிக்கலுக்குத் தனியாக இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் பல சந்திப்புகள் இங்கேதான் வழிதவறுகின்றன. "விறைப்பு" என்று யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னால் உணர்வில்லாமல் போவது. பல்லுக்குப் போடும் விறைப்பூசியில் உள்ள விறைப்புத்தான் அது. தமிழ்நாட்டவருக்கு விறைப்பு என்றால் மடங்காமல் இறுகிப்போவது. உணர்வு போவதை அவர்கள் மரத்துப்போவது என்பார்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டவராக இருந்து அதை இறுக்கம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால், டொக்டர் நரம்பை விட்டு மூட்டைப் பார்க்கத் தொடங்குவார். "தொட்டால் தெரியுதில்லை, பஞ்சில் நடப்பது போல" என்று சொன்னால் பிழையாக விளங்க வழியில்லை.

"வாய்வு" அதைவிட ஆபத்து. நெஞ்சு அடைப்பதையும் எங்கள் பெரியவர்கள் வாய்வு என்பார்கள், காஸ் என்பார்கள். அந்தச் சொல் அப்படியே ஆங்கிலத்துக்குப் போனால் வயிற்றுப் பொருமலுக்கு மருந்து வரும். படி ஏற வருகிறதா, நின்றால் போகிறதா, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா என்பதைச் சொல்லுங்கள். வாய்வு என்ற பெயரையே விட்டுவிடுங்கள். சும்மா இருக்கும்போதே அடைப்பு வந்து, போகாமல் நின்றால் அது ஜீபிக்கு உரியதே அல்ல, 999 க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிட வேண்டியது. "உடம்பு சூடு" என்பது காய்ச்சல் என்று போய்ச்சேரும், உடலில் சூட்டுக்குணம் கூடியது என்ற பொருள் ஆங்கிலத்துக்கு ஏறாது. சிறுநீர் எரிகிறதா, வாயில் புண்ணா, மலம் இறுகுகிறதா என்று உடைத்துச் சொல்ல வேண்டும். "தலைச்சுற்று" என்றால் அறை சுற்றுகிறதா, கண் இருண்டு விழப்போவது போலா? இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு இந்தச் சேவையின் நல்ல பக்கங்களில் ஒன்று. இலவசம். பதியும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அதனால் இரட்டை அப்பொயின்ட்மென்ட் வேண்டும்" என்று சேர்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு வசனமும் இரண்டு தரம் சொல்லப்படுவதால் பத்து நிமிடம் ஐந்தாகிவிடும். அநேகமாகத் தொலைபேசியில்தான் வருவார், ஸ்பீக்கரில் வைத்துக் கதைப்பார்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது வேண்டாம். மகன் முன்னால் எந்த அம்மாவும் கீழே கடிப்பதைச் சொல்லமாட்டார். மகள் சொல்ல வந்தாலும் "அதையெல்லாம் டொக்டரிட்டைச் சொல்லாதை பிள்ளை" என்று தமிழில் அடக்கிவிடுவார், டொக்டருக்கு அது தெரியவே வராது. அந்தரங்க உறுப்புப் பரிசோதனை என்றால் துணைக்கு ஒரு தாதியை நிற்கக் கேட்கலாம், பெண் டொக்டரையும் கேட்கலாம். அதைப் பதியும்போது சொல்லாமல் அறைக்குள் வந்து சொன்னால் வேறு நாளுக்குப் போகும்.

இரட்டை அப்பொயின்ட்மென்ட் மொழிபெயர்ப்புக்கு மட்டுமல்ல. பழைய வருத்தங்கள் பல உள்ளவர், மனவருத்தத்தைப் பற்றிப் பேச வருகிறவர், எவரும் 20 நிமிடம் கேட்கலாம். எல்லாச் சேர்ஜரியும் கொடுக்கும் என்று சொல்ல முடியாது. காரணத்தைச் சொல்லிக் கேட்டால் கொடுக்கும் இடங்கள் பல. காத்திருப்பு நீளும், அதுதான் விலை.

இனி, வருத்தத்தைச் சேர்ஜரிக்கு எழுதி அனுப்பும் இணையப் படிவம். 2025 ஒக்டோபர் 1 இலிருந்து இங்கிலாந்துச் சேர்ஜரிகள் வார நாட்களில் காலை 8 மணி தொடக்கம் மாலை 6.30 வரை அவசரமல்லாத விஷயங்களுக்கு இதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். காலை 8 மணிக்குப் போனில் தொங்குவதைவிட, பல வருத்தம் உள்ளவருக்கு இது நல்லது. எழுதியதை முன்பே ஒருவர் படித்துவிடுவார். சில வேளை டொக்டரைப் பார்க்க முன்பே இரத்தப் பரிசோதனை முடிந்து முடிவும் வந்திருக்கும், அப்போது அந்தப் பத்து நிமிடம் முழுக்க உங்களுடையது. தோலில் ஏற்பட்ட மாற்றத்துக்குப் படம் சேர்க்கலாம். ஆட்கள் செய்யும் பிழை, நாலு வருத்தத்துக்கு நாலு படிவம் போடுவது. ஒன்று பாமசிஸ்ட்டிடம் போகும், ஒன்று தாதியிடம், ஒன்று வேறொரு டொக்டரிடம், முழுப் படம் யாருக்கும் தெரியாது. ஒரே படிவத்தில் எழுதி "இவை தொடர்புள்ளவையா என்று ஒருவரே பார்க்க வேண்டும்" என்று ஒரு வசனம் சேருங்கள். நெஞ்சு நோ போன்றதைக் குறித்தவுடன் படிவம் நின்று அவசர சேவைக்குப் போகச் சொல்லும். அதைத் தாண்டுவதற்காக அந்தக் குறியை எடுத்துவிட்டு மீண்டும் நிரப்புவது உயிரோடு விளையாடுவது.

தாளில் உள்ள எல்லாவற்றையும் டொக்டரிடம் கொண்டுபோகவும் தேவையில்லை. 2024 ஜனவரி 31 இல் தொடங்கிய பாமசி ஃபெர்ஸ்ட் ஏற்பாட்டில் ஏழு வருத்தங்களுக்கு பாமசிஸ்ட்டே மருந்து தரலாம்: தொண்டை நோ, 1 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் காது நோ, சைனஸ், பூச்சிக்கடித் தொற்று, தோல் கொப்புளத் தொற்று, அக்கிப்புண், 16 முதல் 64 வயதுப் பெண்களின் சாதாரண சிறுநீர்த் தொற்று. குளிசை ஒத்துக்கொள்ளவில்லை, எதை எப்போது எடுப்பது என்பதற்கெல்லாம் சேர்ஜரிக்குள்ளேயே இருக்கும் பாமசிஸ்ட் டொக்டரைவிட அதிக நேரம் தருவார். நாரி, முழங்காலுக்கு இங்கிலாந்தின் அநேக இடங்களில் நேரடியாக பிசியோவிடம் பதியலாம். வேலைக்கு முதல் ஏழு நாள் லீவுக்கு டொக்டர் கடிதம் வேண்டாம், நீங்களே எழுதிக் கொடுக்கலாம். 40 முதல் 74 வயதுவரை, ஏற்கெனவே நீரிழிவோ இருதய நோயோ இல்லாதவருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தரம் இலவச உடற்பரிசோதனை உண்டு. கொலஸ்ரோல், பிரஷர், சீனி பற்றிய பொதுவான சந்தேகங்களுக்கு அதுதான் இடம்.

பிரஷருக்காகப் போகிறவர் வீட்டு அளவைகளோடு போனால் ஒரு முழுச் சந்திப்பே மிச்சம். ஏழு நாள், காலையும் மாலையும், இருந்தபடி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு இரண்டு தரம். முதல் நாளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுங்கள். வீட்டில் 135க்கு 85 அல்லது அதற்கு மேல் என்றால் பிரஷர் கூடுதல். உடுப்பும் கணக்கில் சேரும். இறுக்கமான கை உள்ள சட்டைக்கு மேல் பிரஷர் பட்டி ஏறாது, கால் காட்ட வருகிறவர் கழற்ற இலகுவான சப்பாத்தோடு வர வேண்டும்.

எதைத் தள்ளிவைத்தாலும் தள்ளக் கூடாதவை சில உண்டு. மலத்தில் அல்லது சிறுநீரில் இரத்தம், காரணமில்லாமல் மெலிவது, விழுங்கக் கஷ்டம், புதிதாகக் கட்டி, மாதவிடாய் நின்ற பின் இரத்தம், மூன்று கிழமைக்கு மேல் இருமல். இவற்றில் ஒன்று தாளில் இருந்தால் அதுதான் முதல் வரி. கதவுப் பிடியில் கை வைத்தபடி "ஒரு சின்ன விஷயம் டொக்டர், மலத்தோடு கொஞ்சம் இரத்தம்" என்று சொல்வதுதான் இந்தப் பத்து நிமிடத்தில் நடக்கும் மிகத் துயரமான விஷயம். அடுத்தவர் வெளியே காத்திருக்கிறார், டொக்டர் எழுந்துவிட்டார், மூல வருத்தமாக இருக்கும் என்று இரண்டு பேரும் நம்ப விரும்புவார்கள். வெட்கமானதை முதலில் சொன்னால் முழுப் பத்து நிமிடமும் அதற்குக் கிடைக்கும்.

கணவன் மனைவி சேர்ந்து போய் "இவரையும் ஒருக்காப் பாருங்கோ" என்று கேட்பதும் சரிவராது. டொக்டருக்கு முன் திறந்திருப்பது ஒருவருடைய பதிவு. மற்றவருக்கு ஒவ்வாத மருந்து எது என்று அதில் இல்லை.

மொத்தத்தில், தயாரிப்பில்லாமல் பத்து நிமிடத்துக்குப் போகிறவருக்கு இந்தச் சேவை போதாது, பல வேளை பிழையான இடத்தில் கொண்டுபோய் விடும். படிவம், பாதித் தாள், தேவைப்பட்டால் 20 நிமிடம் என்ற மூன்றோடு போகிறவருக்கு, கையில் காசில்லாமல் கிடைக்கும் மருத்துவத்தில் இது மிக நல்லது.

எழும்ப முன் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில் வாங்குங்கள்: இன்றைக்குப் பார்த்தது, பரிசோதனைக்கு எழுதியது, அடுத்த தரத்துக்கு வைத்தது. "எது நடந்தால் திரும்பி வர வேண்டும், எத்தனை நாளில்?" என்றும் கேளுங்கள். தள்ளிவைத்ததற்கு அதே டொக்டரிடம் வேறொரு நாளை றிசெப்ஷனில் நின்று அப்போதே கேளுங்கள். இரண்டு நாளில் என்எச்எஸ் செயலியில் உங்கள் பதிவைத் திறந்து, சொன்னதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் படிவத்தில் இரண்டு வரி அனுப்பினால் போதும்.

அப்படியும் வருத்தம் போகாவிட்டால் எத்தனையாவது தரம் போகிறீர்கள் என்ற எண்ணிக்கை முக்கியம். 2025 செப்டெம்பரில் இங்கிலாந்தில் ஜெஸ் விதி என்று ஒன்று வந்தது. 2020 இல் 27 வயதில் புற்றுநோயால் இறந்த ஜெசிக்கா பிரேடியின் பெயரில் வந்தது. மூன்று தரம் வந்தும் காரணம் பிடிபடாவிட்டால், அல்லது வருத்தம் கூடிக்கொண்டு போனால், ஜீபி முதலிலிருந்து யோசித்துப் பார்க்க வேண்டும் என்று அது கேட்கிறது. பதிவைப் புரட்டி எண்ண டொக்டருக்கு நேரம் இருக்காது. தாளின் முதல் வரியில் நீங்களே எழுதுங்கள்: "இதே இருமலுக்கு மூன்றாவது தரம் வருகிறேன்."